கல்லூரி மாணவர்களுக்கு டென்னிஸ் தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் ஒரு கல்லூரி மாணவர்களுக்காக நாங்கள் ஓய்வுநேர டென்னிஸ் தொடங்கிய முதல் மாலையில், இரண்டு திடல்களுக்கு இருபதுக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். பயிற்றுநர் ஒரு கூடைப் பந்துகளை வைத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் பந்து போட்டுக் கொடுக்க, மற்றவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். ஓரத்தில் அமர்ந்திருந்த நான் ஒரு மாணவியை மட்டும் கவனித்து எண்ணினேன்; ஒரு மணி நேரத்தில் அவர் பந்தை அடித்தது 11 முறை. அடுத்த வாரம் அவர் வரவில்லை. விளையாட வந்தவரை வரிசையில் நிறுத்தி அனுப்பியது எங்கள் தவறு என்பது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

இந்தத் தவற்றுக்கு வேர், புதியவர்களை முதல் நாளே முழுத் திடலில், வழக்கமான மஞ்சள் பந்துடன் இறக்கிவிடுவதில் இருக்கிறது. 23.77 மீட்டர் நீளத் திடலின் இரு முனைகளிலும் நிற்கும் இரு புதியவர்களால் மூன்று முறைகூடப் பந்தைத் தொடர்ந்து பரிமாறிக்கொள்ள முடியாது. பந்து பொறுக்குவதிலேயே நேரம் கரைந்துவிடும். அனைத்துலக டென்னிஸ் கூட்டமைப்பு 2007-இல் தொடங்கிய தொடக்கநிலைத் திட்டம், வேகம் குறைந்த பந்துகளை இதற்காகவே பரப்பியது: வழக்கமான பந்தைவிடச் சிவப்புப் பந்து சுமார் 75 விழுக்காடும், ஆரஞ்சுப் பந்து 50 விழுக்காடும், பச்சைப் பந்து 25 விழுக்காடும் மெதுவாகச் செல்லும். இவை சிறுவர்களுக்குரியவை என்று எண்ணி மாணவர்கள் முதலில் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சத்துக்குப் பணிந்து பந்தை மாற்றிவிடாமல், ஆரஞ்சுப் பந்தைக் கொடுத்து, வலைக்கு இருபுறமும் இரண்டிரண்டாக உள்ள சர்வீஸ் கட்டங்களுக்குள் ஆட விடுங்கள். ஒரு கட்டத்துக்கு இருவர் என்றால் ஒரே திடலில் 8 பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். சர்வீஸ், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி, வராதவர்கள் கையைத் தாழ்த்திக் கீழிருந்து அடித்துத் தொடங்கட்டும். விதிகளே அதை அனுமதிக்கின்றன.

நம் ஊருக்கே உரிய இன்னொரு தவறு, பூப்பந்து (பேட்மிண்டன்) பழக்கத்தைக் கவனிக்காமல் விடுவது. இங்கே டென்னிஸ் மட்டையை முதன்முதலாகத் தொடும் மாணவர்களில் பலர் பள்ளிக் காலத்திலிருந்தே பூப்பந்து ஆடியவர்கள். பந்து வரும் திசையை ஊகிப்பதிலும் வலைக்கு அருகில் விரைந்து நகர்வதிலும் அவர்களுக்கு அது பெரும் துணை. ஆனால் 90 கிராமுக்கும் குறைவான பூப்பந்து மட்டையை மணிக்கட்டால் சுண்டிப் பழகிய கை, ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள டென்னிஸ் மட்டையையும் அப்படியே சுண்டுகிறது. பந்து வேலியைத் தாண்டிப் பறப்பது சிறிய தொல்லைதான். சில வாரங்களில் முழங்கையின் வெளிப்புறத்தில் வலி தொடங்குவதுதான் பெரிய தொல்லை. ஆகவே, மணிக்கட்டை உறுதியாக வைத்துத் தோளையும் இடுப்பையும் சேர்த்துத் திருப்பி அடிக்கும் முறையை முதல் இரண்டு வாரங்களிலேயே காட்டிவிடுவது நல்லது. மாணவர் டென்னிஸ் கழகத்தின் சார்பில் இரவல் கொடுக்க வாங்கும் மட்டைகள் 260 முதல் 280 கிராமுக்குள் இருந்தால் கைக்கு இதமாக இருக்கும்.

வகுப்பு முடிந்ததும் வசதியாக இருக்கிறதே என்று மாலை 5 மணிக்குத் திடலை முன்பதிவு செய்கிறவர்கள், கோலாலம்பூரின் இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் வருகின்றன என்பதை மறந்துவிடுகிறார்கள். வாரயிறுதிக் காலை 8 மணியோ, விளக்கு வசதியுள்ள திடலில் இரவு 8 மணியோ பாதுகாப்பானது. ரமலான் மாதத்திலும் நோன்பு துறக்கும் வேளையோடு மோதாத இரவு நேரமே மலாய் நண்பர்களுக்கு ஏற்றது. இடி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையில் 30 விநாடிக்குக் குறைவான இடைவெளி இருந்தால் உடனே ஆட்டத்தை நிறுத்தி எல்லாரையும் கட்டடத்துக்குள் அழைத்துச் செல்ல வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடங்கள் கடந்த பின்னரே திரும்ப வேண்டும். இரும்பு வேலியும் விளக்குக் கம்பங்களும் சூழ்ந்த இடத்தில், "இந்த ஒரு கேம் முடியட்டும்" என்ற கெஞ்சலுக்கு இடம் கொடுக்காதீர்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றின் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் அன்றைய ஆட்டத்தைத் தள்ளிவையுங்கள். இத்தகைய நாள்களுக்கென்று மண்டபம் ஒன்றைப் பேசிவைத்து, புள்ளிக் கணக்கு முறையையும் வேகம் குறைந்த பந்தில் ஆடும் ஆட்டத்தையும் அங்கே நடத்தினால் வருகை அறுந்துபோகாது.

கல்விப் பருவம் என்பது பொதுவாக 14 வாரங்கள். இரண்டாம் வாரத்தில் தொடங்கி, தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். ஆறாம் வாரத்திலேயே வெளியேற்று முறையில் போட்டி வைத்தால், பள்ளியில் ஆடிப் பழகிய நான்கைந்து பேர் மட்டுமே மிஞ்சுவார்கள். சுழல்முறையில் இணையை மாற்றி மாற்றி ஆடும் இரட்டையர் ஆட்டம் புதியவர்களையும் கடைசிவரை திடலில் வைத்திருக்கும்.

திடல் முன்பதிவு, பந்துப் பெட்டியின் சாவி, பணக் கணக்கு மூன்றையும் ஒரே மாணவரிடம் விட்டுவைப்பது பலர் கவனிக்காத தவறு. அவர் பட்டம் பெற்றுச் செல்லும்போது கழகமும் அவருடனே போய்விடுகிறது. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தொடக்கத்திலிருந்தே உடன் வைத்துக்கொண்டு, பருவத்தின் கடைசி இரண்டு வார ஆட்டங்களை அவரே முழுமையாக நடத்தும்படி விடுங்கள்; அடுத்த பருவத்துக்கான திடலையும் அவர் பெயரிலேயே முன்பதிவு செய்துவிடுங்கள்.