தண்டுவட அடிக்குப் பிறகு குடலைப் பழக்கிய விதம்

தண்டுவடத்தில் அடிபட்ட பிறகு நடக்க முடியாததைவிட எனக்குப் பெரும்பாடு மலச்சிக்கல்தான். மலமிளக்கி குடித்தால் எப்போது வரும் என்றே தெரியாது. வெளியே கிளம்பவே பயம். மறுவாழ்வு மையத்துச் செவிலியர் அக்காதான் ஆசனவாய் வழியாக நீர் செலுத்திக் குடலைக் கழுவக் கற்றுக்கொடுத்தார். சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் குடல் தானாக அசையும், அதுதான் நல்ல வேளை. கழிப்பறையில் உட்கார்ந்தபடி, 36 முதல் 38 டிகிரி வரை வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரை மெதுவாக விடுகிறேன். குளிர்ந்த நீர் விட்டால் வயிறு இழுத்துப் பிடிக்கும். சோப்பு, காபி எதையும் கலக்கவே கூடாது. பழக்கம் பிடிபடச் சில வாரங்கள் ஆகும், பொறுமை வேண்டும். இப்போது வழியில் கழிப்பறை தேடாமல் வேலைக்குப் போய்வருகிறேன். அப்புறம் ஒன்று: அரிதாகக் குடலில் ஓட்டை விழலாம். மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் தொடங்காதீர்கள். கடும் வயிற்றுவலியோ இரத்தப்போக்கோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.