பிட்லாக்கர் இருந்தாலும் சாவி களவு போகும்: பின் போட்டுப் பூட்டும் முறை

காரைக்குடி அடகுக்கடை லேப்டாப்பில் வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்கள், கானாடுகாத்தான் விடுதி லேப்டாப்பில் விருந்தினர்களின் பாஸ்போர்ட் நகல்கள். இரண்டிலும் டிஸ்க்கை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ஓடலாம். ஆனால் லேப்டாப் தொடங்கும்போதே கேட்கும் பின் (PIN, ரகசிய எண்) இல்லாவிட்டால், முகப்புக் கதவைப் பூட்டிச் சாவியை நிலையிலேயே மாட்டியது போலத்தான்.

பின் இல்லாதபோது, பவர் பட்டனை அழுத்தியதுமே, டிஸ்க்கைத் திறக்கும் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப் அதைக் கொடுத்துவிடுகிறது. மதர்போர்டில் அது தனிச் சிப்பாக இருந்தால், ப்ராசஸருக்குப் போகும் தடத்தில் சாவி மறைப்பில்லாமல் ஓடும். 2024-ல் ராஸ்பெர்ரி பை பிக்கோவை வைத்து, ஒரு பழைய லெனோவோ லேப்டாப்பில் ஒரு நிமிடத்துக்குள் அதைப் பிடித்துக் காட்டினார்கள். லேப்டாப் ஓடும்போது தற்காலிக நினைவகமான ரேமிலும் சாவி இருக்கிறது. 2008-ல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் தூசி ஊதும் ஸ்ப்ரே கேனைத் தலைகீழாகப் பிடித்து ரேமை மைனஸ் 50 டிகிரிக்குக் குளிரவைத்தார்கள். மின்சாரம் இல்லாமல் 10 நிமிடம் கழிந்தும் அதிலிருந்த தகவலில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே அழிந்திருந்தது.

செய்ய வேண்டியவை (விண்டோஸ் ப்ரோ):

1. டிஸ்க்கைத் திறக்கும் மாற்றுச் சாவியான 48 இலக்க ரெக்கவரி கீயை அச்செடுத்து இரும்புப் பெட்டியில் வையுங்கள். லேப்டாப் பையில் வேண்டவே வேண்டாம்.

2. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து, manage-bde -status என்று அடித்து பிட்லாக்கர் ஸ்டேட்டஸைப் பாருங்கள். என்கிரிப்ஷன் முறை 'ஹார்ட்வேர்' என்றிருந்தால் பூட்டு எஸ்எஸ்டியின் கையில் இருக்கிறது. சில எஸ்எஸ்டிகளில் அந்தப் பூட்டைப் பாஸ்வேர்டே இல்லாமல் திறக்க முடிந்தது 2018-ல் வெளியானது. பிட்லாக்கரை முழுதாக நீக்கி, விண்டோஸின் நிர்வாக அமைப்புகளான குரூப் பாலிசியில் ஹார்ட்வேர் என்கிரிப்ஷனை 'டிசேபிள்' செய்து, மறுபடி போட்டு, புதிய ரெக்கவரி கீயை அச்செடுங்கள்.

3. குரூப் பாலிசி எடிட்டரில் பிட்லாக்கர், ஆப்பரேட்டிங் சிஸ்டம் டிரைவ்ஸ் என்று போய், 'ரிக்வயர் அடிஷனல் ஆதென்டிகேஷன் அட் ஸ்டார்ட்அப்' என்பதை 'எனேபிள்' செய்யுங்கள். கீழே உள்ள நான்கும் 'அலவ்' என்றே இருக்கட்டும். பின்னை மட்டும் 'ரிக்வயர்' ஆக்கினால் மற்ற மூன்றையும் 'டூ நாட் அலவ்' ஆக்க வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான், பாலிசி முரண்படுகிறது என்று பிழை வரும்.

4. கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கரைத் திறந்து, ஸ்டார்ட்அப்பில் திறக்கும் முறையை மாற்றி, பின் கொடுங்கள். குறைந்தது 6 இலக்கம். 8 வைத்தால் நல்லது. இது விண்டோஸுக்குள் நுழையும் பின் அல்ல, இரண்டும் வேறு வேறாக இருக்கட்டும். இனி பின் அடிக்காமல் டிபிஎம் சாவியை விடாது.

5. பவர் ஆப்ஷன்ஸில் மூடியை மூடினால் 'ஹைபர்னேட்' என்று வையுங்கள். 'ஸ்லீப்'பில் சாவி ரேமிலேயே இருக்கும், பின் போட்டும் பயனில்லை.

பயாஸ் அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்யுங்கள். இல்லாவிட்டால் ரெக்கவரி கீ கேட்கும். சர்வீஸில் மதர்போர்டை மாற்றினால் டிபிஎம்மும் அதோடு போய்விடும். அப்போது அந்த 48 இலக்கம் இல்லாமல் டிஸ்க் திறக்காது.