குளிர்கால விடுமுறையில் முதல் ஓபரா: ‘ஹென்சலும் கிரேட்டலும்’ பார்க்கத் தயாராவது எப்படி?

டிசம்பர் பிறந்துவிட்டால் ஜெர்மனியில் பெரிதும் சிறிதுமான ஓபரா அரங்குகளின் நிகழ்ச்சிப் பட்டியலில் ஒரு பெயர் தவறாமல் கண்ணில் படும்: ‘ஹென்சலும் கிரேட்டலும்’. காட்டில் வழிதவறிச் சூனியக்காரியிடம் சிக்கும் ஓர் அண்ணன் தங்கையின் கதையை, வசனத்துக்குப் பதில் பாட்டாலேயே சொல்லும் மேடை நாடகம். பாட்டி தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளைக் கைபிடித்து அழைத்துவரும் ஓபரா இது. இங்கே பலருக்கு வாழ்க்கையில் பார்த்த முதல் ஓபராவும் இதுதான்.

நான் இங்கே குடியேறிய இரண்டாவது குளிர்காலத்தில், ஆறு வயது மகளோடு எந்தத் தயாரிப்பும் இல்லாமல் போய் உட்கார்ந்தேன். பாதி புரியவில்லை. அடுத்த ஆண்டு ஒரே ஒரு மெட்டை மட்டும் வீட்டில் கேட்டுப் பழகிவிட்டுப் போனேன். அந்த மாலையை இன்றும் மறக்க முடியவில்லை. உங்களுக்கு அது முதல் முறையிலேயே கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: யார் எழுதியது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது ஒரு வீட்டு விளையாட்டாகத் தொடங்கியது. அடெல்ஹைட் வெட்டே என்ற பெண்மணி, தன் பிள்ளைகள் வீட்டில் நடித்துக் காட்டுவதற்காக இந்தக் கதையில் சில பாடல்களை எழுதினார். மெட்டமைத்துத் தரும்படி 1890-ல் தன் அண்ணன் எங்கல்பெர்ட் ஹும்பர்டிங்கைக் கேட்டார். அந்தச் சில பாடல்கள் வளர்ந்து வளர்ந்து மூன்று அங்கங்கள் கொண்ட முழு ஓபராவாகி, 1893 டிசம்பர் 23 அன்று வைமார் நகரில் அரங்கேறின. அன்று ஆர்கெஸ்ட்ராவை, அதாவது வாத்தியக் குழுவை, நடத்தியவர் பின்னாளில் பெரிய இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற 29 வயது ரிச்சர்ட் ஸ்ட்ராஸ்.

அண்ணன் சாதாரணப்பட்டவர் அல்லர். பைராய்ட் நகரில், பிரம்மாண்டமான ஓபராக்களுக்குப் பேர்போன இசையமைப்பாளர் வாக்னரின் ‘பார்சிஃபால்’ ஓபரா அரங்கேற்றத்துக்கு உதவியாளராக இருந்தவர். ஆகவே மேடையில் குழந்தைப் பாட்டு ஓடும்போது, கீழே ஆர்கெஸ்ட்ரா பெரிய காட்டையே எழுப்பிக்கொண்டிருக்கும். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே மாலையில் தீனி கிடைப்பது இதனால்தான்.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. இதே பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்ட ஆங்கிலப் பாப் பாடகர் ஒருவர் இருக்கிறார். இசையமைப்பாளர் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் அவருடைய காதல் பாடல்கள்தான் வந்து நிற்கும். ஓபராவின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

இரண்டாம் படி: கதையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்

ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் கதை வேறு, ஓபராவின் கதை வேறு. அவர்கள் கதையில், திரும்பி வர வழி தெரிவதற்காகப் பிள்ளைகள் முதலில் வெள்ளைக் கூழாங்கல்லையும் பிறகு ரொட்டித் துண்டையும் வழியெல்லாம் போட்டுக்கொண்டே போவார்கள். இதைச் சொல்லாமல் அழைத்துப் போனதால், பிள்ளைகள் காட்டில் வழி தெரியாமல் நிற்கும் இடத்தில் என் மகள் என் காதருகே வந்து, “அப்பா, வெள்ளைக் கல் எங்கே? ரொட்டித் துண்டு எங்கே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முன்வரிசையில் தலைகள் திரும்பின. ஓபராவில் கூழாங்கல்லும் இல்லை, ரொட்டித் துணுக்கும் இல்லை.

அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று இருக்கிறது. இங்கே பிள்ளைகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவரும் சிற்றன்னை கிடையாது. கிரிம் சகோதரர்களின் 1812-ஆம் ஆண்டு முதல் பதிப்பில் பெற்ற தாயாக இருந்தவள், பிந்தைய பதிப்புகளில் சிற்றன்னையாக மாறினாள். அடெல்ஹைட் அவளை மறுபடியும் பெற்ற தாயாக்கி, கல்நெஞ்சையும் எடுத்துவிட்டார். அப்பா துடைப்பம் கட்டி விற்பவர். வீட்டில் அடுப்பு எரியவில்லை. அக்கம்பக்கத்தில் கொடுத்த ஒரு ஜாடிப் பால்தான் அன்றைய இரவு உணவு. வேலையை மறந்து ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்த்து, களைத்து வந்த அம்மா கை ஓங்குகிறாள். அந்த வேகத்தில் பால் ஜாடி கீழே விழுந்து உடைகிறது. கோபத்தில் கூடையைக் கையில் திணித்து, “காட்டுக்குப் போய் ஸ்ட்ராபெரி பறித்து வாருங்கள்” என்று துரத்திவிடுகிறாள்.

பிள்ளைகள் ஓடிய பிறகு அவள் தனியாக உட்காருகிறாள். ஆண்டவனிடம் கொஞ்சம் பணம் கேட்கிறாள். அப்படியே தலை சாய்த்துத் தூங்கிப்போகிறாள். ஒன்றிரண்டு நிமிடம்தான் வரும், பலர் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். நீங்கள் விட்டுவிடாதீர்கள். எனக்கு இந்த ஓபராவிலேயே மிக உண்மையான இடம் இதுதான். பிள்ளைகளின் பசிக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்கும் தாயின் கோபம் எப்படிப்பட்டது என்று அடெல்ஹைட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு அப்பா பாடிக்கொண்டே வருகிறார். பசியே தலைசிறந்த சமையல்காரன் என்று அவர் பாடும்போது, ‘பசி ருசி அறியாது’ என்று கேட்டு வளர்ந்த நமக்கு உரை தேவைப்படாது. அன்று துடைப்பம் நல்ல விலைக்குப் போயிருக்கிறது. கூடையிலிருந்து பன்றி இறைச்சி, வெண்ணெய், மாவு, 14 முட்டை, வெங்காயம், கால் பவுண்டு காப்பி என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. அதன் பிறகுதான் கேட்கிறார், பிள்ளைகள் எங்கே என்று. ஹார்ட்ஸ் மலைப் பகுதியின் இல்சென்ஸ்டைன் பக்கம் போயிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் முகம் மாறுகிறது. சூனியக்காரி இருக்கும் இடம் அது.

மீதிக் கதை இதுதான்: காட்டில் இரவு, காலையில் சூனியக்காரியின் தின்பண்ட வீடு, அவள் ஹென்சலை அடைக்கும் கூண்டு, கடைசியில் பிள்ளைகள் அவளையே தள்ளிவிடும் அடுப்பு. பட்டையும் கிராம்பும் மணக்கும் லெப்கூகன் கேக்காக அவளால் சபிக்கப்பட்ட வேறு பிள்ளைகள் முடிவில் உயிர் பெறுகிறார்கள் என்பதையும் சொல்லிவைத்துவிடுங்கள். முடிவு தெரிந்த குழந்தை குறைவாகப் பயப்படும்.

மூன்றாம் படி: ஒரு மெட்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்

இதுதான் முக்கியமான படி. மற்றவற்றுக்கு நேரம் இல்லாவிட்டாலும் இதை விடாதீர்கள்.

இரண்டாம் அங்கத்தின் முடிவில் இருட்டிய காட்டில் அண்ணனும் தங்கையும் மண்டியிட்டுப் பாடும் மாலைப் பிரார்த்தனை ஒன்று இருக்கிறது. ஜெர்மானியப் பிள்ளைகள் காலங்காலமாகச் சொல்லிவந்த படுக்கை நேரப் பிரார்த்தனையிலிருந்து எடுத்த வரிகள். உறங்கும் என்னைச் சுற்றி 14 தேவதைகள் நிற்கிறார்கள் என்று தொடங்கி, ஒவ்வொரு இணையாக எண்ணிக்கொண்டு போகும்: தலைமாட்டில் இருவர், கால்மாட்டில் இருவர், வலப்பக்கம் இருவர், இடப்பக்கம் இருவர், போர்த்திவிட இருவர், எழுப்பிவிட இருவர், சொர்க்கத்துக்கு வழிகாட்ட இருவர். விரல் விட்டு எண்ணினால் கணக்குச் சரியாக வரும். என் மகள் எண்ணித்தான் கற்றுக்கொண்டாள்.

மெட்டு அவசரமில்லாமல் படிப்படியாக ஏறி இறங்கும். தாலாட்டைப் போல வாய்க்குள்ளேயே முனகலாம். ஒரு வாரம், நாளுக்கு ஒரு முறை, படுக்கும் முன் கேளுங்கள். போதும்.

பயன் எங்கே தெரியும் என்று சொல்கிறேன். திரை விலகுவதற்கு முன்பே, முன்னிசையின் முதல் ஒலியாக, ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவிகள் நான்கு மெல்ல எடுப்பது இதே மெட்டைத்தான். பழகிய காதுக்கு அங்கேயே உடல் சிலிர்க்கும். அதன் பிறகு பிரார்த்தனையில் முழுதாக வரும். பிள்ளைகள் தூங்கியதும் பாட்டு இல்லாமல் ஆர்கெஸ்ட்ரா மட்டும் அதைக் கையில் எடுத்துப் பெருக்கும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாடும் இடத்திலும் அதுவே நிற்கும். ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு முழுக் காட்டையும் கடந்துவிடலாம்.

நான்காம் படி: டிக்கெட்

கிறிஸ்துமஸை ஒட்டிய நாள்களுக்கு இடம் விரைவில் தீர்ந்துவிடும். அக்டோபரிலேயே பாருங்கள். மாலைக் காட்சியைவிடப் பிற்பகல் காட்சி குழந்தைகளுக்கு ஏற்றது. இசை ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். இடைவேளையும் சேர்த்தால் இரண்டேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை உயர்ந்த இருக்கைதான் நல்ல இருக்கை என்று எண்ண வேண்டாம். இரண்டாம் மாடத்தின் நடுப்பகுதியில் இசை நன்றாகக் கலந்து வரும், ஆர்கெஸ்ட்ரா அமர்ந்திருக்கும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியும். மாடத்தின் ஓரங்களை மட்டும் தவிருங்கள், மேடையில் பாதி மறைந்துவிடும். வியன்னா அரசு ஓபராவில் குறைந்த விலைக்கு நின்றுகொண்டே பார்க்கும் டிக்கெட் உண்டு. பெரியவர்களுக்கு அது சரி, குழந்தையோடு வேண்டாம்.

வாங்கும் முன் அரங்கின் இணையதளத்தில் மேடைப் படங்களைப் பாருங்கள். எல்லா இயக்குநர்களும் காட்டையும் தின்பண்ட வீட்டையும் வைப்பதில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் ரிச்சர்ட் ஜோன்ஸ் இயக்கிய வடிவத்தில், தேவதைகளுக்குப் பதிலாகப் பருத்த தலைகளோடு சமையல்காரர்கள் வந்து தூங்கும் பிள்ளைகளுக்கு விருந்து படைக்கிறார்கள். பசித்த குழந்தையின் கனவில் வேறு யார் வருவார்கள்! எனக்கு மிகவும் பிடித்த கற்பனை அது. ஆனாலும் முதல் முறைக்கு, காடு காடாகவே இருக்கும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பேன்.

ஐந்தாம் படி: போகும் நாள்

சுத்தமான, நல்ல உடை போதும். கனமான கோட்டையும் பூட்ஸையும் கழற்றி வைக்க நேரமாகும் என்பதால் அரை மணி நேரம் முன்பே சென்றுவிடுங்கள். ஒரு முறை பனியில் டிராம் நின்றுபோய் நாங்கள் நான்கு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். கதவு மூடிவிட்டது. நான்கு ஹார்ன்களை வெளியே இருந்த சிறிய திரையில் கேட்க நேர்ந்தது. மகள் அழுதுவிட்டாள். காத்திருந்த ஒரு வார ஆசை அந்த முதல் நிமிடத்தில்தான் இருந்தது.

இருமல் மிட்டாய் கொண்டுபோனால் உறையை முன்பே பிரித்து வையுங்கள். பிரார்த்தனையின்போது பிரிக்கப்படும் காகிதம் இடி போலக் கேட்கும்.

ஆறாம் படி: அரங்கினுள்

மேடைக்கு மேலே பாடல் வரிகள் ஓடும். எல்லாவற்றையும் படிக்க முயல வேண்டாம், கதைதான் தெரியுமே. ஹென்சலாக வருவது ஒரு பெண், மெஸ்ஸோ சோப்ரானோ எனப்படும் நடுத்தரப் பெண் குரல். தெருக்கூத்தில் ஆண்கள் பெண் வேடம் கட்டுவதைக் கண்டவர்களுக்கு இது உறுத்தாது. சூனியக்காரியும் பெண் குரலுக்கு எழுதப்பட்ட பாத்திரம்தான், ஆனால் பல அரங்குகளில் டெனார் எனப்படும் உயர்ந்த குரல் கொண்ட ஆண் பாடகர் நடிக்கிறார்.

இரண்டாம் அங்கத்தில் குயிலோசை கேட்கும். குயிலைப் போலக் கூவிக்கொண்டே பிள்ளைகள் பழத்தை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக் கூடையைக் காலி செய்வார்கள். சிரிப்போடு தொடங்கும் இந்த இடத்தில்தான் மெல்ல இருட்டு கவிகிறது. கூப்பிட்ட குரலுக்கு எதிரொலி மட்டும் திரும்பி வரும்போது குழந்தைகள் உங்கள் கையைப் பிடிப்பார்கள். கண்ணில் தூக்க மணல் தூவும் குட்டி மனிதர் வந்ததும், இனி சில நிமிடங்கள் பேசக் கூடாது என்று தட்டிக்கொடுங்கள். அடுத்து வருவது நீங்கள் ஒரு வாரம் கேட்டது.

இசை நிற்காமல் ஓடும் ஓபரா இது என்பதால், கச்சேரியில் போல ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கைதட்ட வேண்டாம். திரை விழுந்ததும் தட்டுங்கள். சூனியக்காரியை அடுப்பில் தள்ளியதும் குழந்தைகள் கத்துவார்கள், அதை யாரும் தடுப்பதில்லை.

ஏழாம் படி: அரங்கம் அருகில் இல்லாவிட்டால்

1931 கிறிஸ்துமஸ் நாளில் மெட்ரோபாலிட்டன் ஓபரா தன் அரங்கிலிருந்து வானொலியில் முழுதாக ஒலிபரப்பிய முதல் ஓபரா இதுதான். வீட்டில் கேட்பதற்கும் இதற்கு நீண்ட பழக்கம் இருக்கிறது. முழுப் பதிவையும் ஒரே மூச்சில் கேட்காமல் ஒரு நாளைக்கு ஓர் அங்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் அங்க நாளில் குழந்தைகளைப் படுக்கையில் போர்த்திவிட்டு, மணல் மனிதர் வரும் இடத்தில் விளக்கை அணையுங்கள். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம். தேவதைகள் இறங்கி வரும் இசை முழுதாக அடங்கும்வரை விளக்கைப் போடாதீர்கள்.