பைக் நம்பர் பிளேட் விதிப்படி இருக்கிறதா? ஒரு ஸ்கேலை வைத்து நீங்களே பார்த்துவிடலாம்

போன வருடம் ஒரு நாள் காலை என் போனுக்குச் சலான் ஒன்று வந்தது. ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டினேனாம். நான் அந்த மாதம் எட்டிக்கூடப் பார்க்காத ஊர் அது. போட்டோவைத் திறந்து பார்த்தால் கறுப்பு பைக். என்னிடம் இருப்பதோ ஸ்கூட்டர். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. அந்த பைக்கின் கடைசி எண் 3. யாரோ ஒரு ஸ்டிக்கர் கலைஞர் அதன் இரண்டு முனைகளையும் சுழித்து உள்ளே இழுத்துவிட்டதில், அது அசல் 8 மாதிரியே தெரிந்தது. என் வண்டியின் கடைசி எண் 8.

அன்று சாயங்காலமே ஸ்கேலை எடுத்துக்கொண்டு என் வண்டி முன்னால் உட்கார்ந்தேன். அடுத்தவன் பிளேட்டைத் திட்டுவதற்கு முன்னால் நம்முடையது ஒழுங்கா என்று பார்க்க வேண்டுமே. அப்போது செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வண்டி வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது என்றாலும் உங்களால் செய்ய முடியும், இருபது நிமிட வேலை.

இந்த விதிகள் எல்லாம் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் இருக்கின்றன. பதிவெண்ணை எப்படிக் காட்ட வேண்டும் என்பது விதி 50. எழுத்து எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி 51. மத்திய விதி என்பதால் கன்னியாகுமரியில் ஒன்று, காஷ்மீரில் ஒன்று என்று மாறாது.

தேவையானவை: 30 செ.மீ. ஸ்கேல், ஈரத்துணி, ஆர்.சி., ஒரு பத்து ரூபாய் நாணயம். நாணயம் எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன்.

படி 1: துடையுங்கள், ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள்

சிரிக்காதீர்கள். பின்பக்க பிளேட்டில் சேறு காய்ந்து பாதி எண் மறைந்து கிடக்கும் வண்டிகள்தான் தெருவில் அதிகம். துடைத்த பிறகு ஆர்.சி.யில் இருக்கும் பதிவெண்ணை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பாருங்கள். முன் பிளேட்டிலும் பின் பிளேட்டிலும் அதே எண் இருக்க வேண்டும். ஸ்டிக்கர் கடையில் இரண்டு எண்ணை இடம் மாற்றி ஒட்டி, ஆறு மாதம் யாரும் கவனிக்காத கதை எங்கள் வீட்டிலேயே உண்டு.

புது வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 'பதிவுக்காக' என்று காகிதம் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டிய காலம் போய்விட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது பிரிவு 41-இல் ஒன்றைச் சேர்த்தார்கள். டீலர் வழியாகப் பதிவாகும் புது வண்டியைப் பதிவெண் மாட்டாமல் உரிமையாளரிடம் கொடுக்கக் கூடாது. ஷோரூமில் "ரெண்டு நாள்ல வந்துடும் சார், எடுத்துட்டுப் போங்க" என்று சொன்னால், "ரெண்டு நாள் கழிச்சே எடுத்துக்குறேன் சார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

படி 2: பலகையை அளங்கள்

இரு சக்கர வண்டிக்கு முன் பிளேட் 285 மி.மீ. நீளம், 45 மி.மீ. உயரம். பின் பிளேட் 200 மி.மீ. நீளம், 100 மி.மீ. உயரம். ஸ்கேலில் சொன்னால் முன்னது 28.5-க்கு 4.5 செ.மீ., பின்னது 20-க்கு 10.

2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான வண்டி என்றால், அதில் இருப்பது எச்.எஸ்.ஆர்.பி. எனப்படும் உயர் பாதுகாப்பு பிளேட். கம்பெனியே செய்து டீலர் வழியாக மாட்டித் தந்திருப்பார்கள். பலகை, எழுத்து, நிறம் எல்லாம் அச்சில் வார்த்தது போலச் சரியாக இருக்கும். அப்படிப்பட்டவர்கள் நேராகப் படி 6-க்குப் போய்விடலாம். ஆனால் அதைக் கழற்றிவிட்டு 'நல்லா இல்லை' என்று வேறு பிளேட் மாட்டியிருந்தால், இங்கேயே இருங்கள்.

படி 3: எழுத்தை அளங்கள்

முக்கால்வாசிப் பேர் மாட்டுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பின்பக்கம்: எழுத்தின் உயரம் 35 மி.மீ., எண்ணின் உயரம் 40 மி.மீ. இரண்டுக்கும் கோட்டின் தடிமன் 7 மி.மீ., ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி 5 மி.மீ.

முன்பக்கம்: எழுத்தும் எண்ணும் 30 மி.மீ. உயரம், 5 மி.மீ. தடிமன், 5 மி.மீ. இடைவெளி. 70 சி.சி.க்குக் குறைந்த சின்ன வண்டி என்றால் முன்பக்கம் மட்டும் சலுகை: உயரம் 15, தடிமனும் இடைவெளியும் 2.5 மி.மீ.

கையில் ஸ்கேல் இல்லாவிட்டால் பத்து ரூபாய் நாணயத்தை முன் பிளேட் எழுத்தின் மேல் வையுங்கள். அதன் விட்டம் 27 மி.மீ. எழுத்து நாணயத்தைவிடத் துளியூண்டு உயரமாக எட்டிப் பார்க்க வேண்டும். நாணயத்துக்குள் எழுத்து முழுக்க மறைந்துவிட்டால் அது சின்னது.

பின் பிளேட்டில் பதிவெண் இரண்டு வரியாக வர வேண்டும். மாநிலக் குறியீடும் ஆர்.டி.ஓ. குறியீடும் மேல் வரி, மீதி கீழ் வரி. தமிழ்நாட்டு வண்டி என்றால் 'டி.என். 09' மேலே, வரிசை எழுத்துகளும் நான்கு எண்களும் கீழே. பின்னால் இரண்டு வரிக்கு இடமே இல்லாத மாடல்களுக்கு மட்டும் ஒரே வரி போதும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இரண்டு வரியிலும் எண் இருக்கிறது, ஆக ஒவ்வொரு வரிக்கும் 40 மி.மீ. வேண்டும். மொத்தம் 80. பலகையின் உயரம் 100. மிச்சம் இருப்பது 20 மி.மீ.தான். மேலே ஓரம், நடுவில் இடைவெளி, கீழே ஓரம் என்று மூன்றும் அந்த இரண்டு சென்டிமீட்டருக்குள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இதில் குலசாமி படத்தையும் மகன் பேரையும் எங்கே வைப்பது? வைத்தால் எண்ணைச் சுருக்கித்தான் வைக்க முடியும். சுருக்கிய பிளேட்டைப் பார்த்ததும் போலீஸ்காரருக்கு ஸ்கேல் தேவைப்படாது, கண்ணே போதும்.

படி 4: நிறம்

சொந்த உபயோக வண்டிக்கு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. வாடகைக்கு ஓடுகிற வண்டிக்கு மஞ்சளில் கறுப்பு. நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்குத் தரும் வண்டிக்குக் கறுப்பில் மஞ்சள். மின்சார வண்டிக்குப் பச்சைப் பின்னணி. சொந்த வண்டியானால் வெள்ளை எழுத்து, வாடகை வண்டியானால் மஞ்சள் எழுத்து. தற்காலிகப் பதிவு மஞ்சளில் சிவப்பு. டீலர்கள் காட்சிக்கும் சோதனைக்கும் ஓட்டுவது சிவப்பில் வெள்ளை.

பார்க்க அழகாக இருக்கிறது என்று சொந்த பெட்ரோல் வண்டிக்குக் கறுப்பு பிளேட் போட்டால், பார்க்கிறவர்கள் அது வாடகை வண்டி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

படி 5: எழுத்தின் வடிவம், மொழி, ஸ்டிக்கர்

எழுத்து ஆங்கிலத்தில், எண் நாம் தினமும் எழுதும் 1, 2, 3 வடிவத்தில். விதி இவ்வளவுதான் சொல்கிறது. 'த.நா.' என்று தமிழில் எழுதி, தமிழ் எண்களையும் போட்ட வண்டிகளை மதுரைப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழ் எண்ணைப் பார்த்தால் எனக்கும் மனசு குளிர்கிறது. ஆனாலும் விபத்து செய்துவிட்டு ஓடும் வண்டியின் எண்ணை ஒரு வெளிமாநிலக்காரர் படித்துச் சொல்ல வேண்டியிருந்தால் என்ன செய்வார்? பதிவெண்ணுக்கு இந்த ஆசை வேண்டாம்.

அலங்கார எழுத்து, படம், பெயர் எதுவும் பிளேட்டில் கூடாது. 8055 என்ற எண்ணை நெளித்து ஆங்கிலத்தில் 'பாஸ்' என்று படிக்கிற மாதிரி எழுதுவது பழைய குறும்பு. கேமரா அதைப் படிக்கத் திணறும், அல்லது எனக்கு நடந்தது போல வேறு யார் தலையிலாவது கட்டிவிடும். கட்சிக் கொடி, சாதி அடையாளம், 'பிரஸ்', 'காவல்', 'வக்கீல்' எல்லாம் இதே கணக்கில்தான் வரும். 2024-இல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை இந்த ஸ்டிக்கர்களைத் தேடித்தேடி அபராதம் போட்டது.

படி 6: மாட்டியிருக்கும் இடம்

முன் பிளேட் ஹேண்டில்பாருக்கு இணையாக, எதிரே வருகிறவரைப் பார்த்தபடி இருக்க வேண்டும். மட்கார்டிலோ ஸ்கூட்டரின் முன்மூடியிலோ எங்கே இருந்தாலும் சரி. பழைய புல்லட்டில் முன் மட்கார்டின் முதுகில் மீன் துடுப்பு மாதிரி ஒரு பிளேட் நீளவாக்கில் நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? பக்கவாட்டில் நின்றால்தான் படிக்க முடியும். வண்டியின் நீளவாக்கில் அப்படி வைப்பதற்குப் பதில் முன்னால் பார்க்கும்படி வை என்றுதான் விதி சொல்கிறது. பழைய வண்டியைப் புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

பின்பக்கம்தான் வில்லங்கம். பின் மட்கார்டை வெட்டி எறிந்துவிட்டு, சீட்டுக்கு அடியில் சின்ன பிராக்கெட் வைத்து பிளேட்டை மல்லாக்கப் படுக்க வைப்பது இப்போது மோஸ்தர். வானத்தில் போகிற விமானத்துக்குத்தான் எண் தெரியும். வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி, நேராக நின்று பாருங்கள். குனியாமல், எட்டிப் பார்க்காமல் முழு எண்ணும் படிக்க முடிகிறதா? சைடு பெட்டி, தொங்கும் பை, மழைக்குக் கட்டிய தார்ப்பாய் ஏதாவது ஓர் எழுத்தை மறைக்கிறதா?

அப்புறம் ராத்திரியில் ஒரு தடவை. பின் பிளேட்டின் மேல் வெள்ளை வெளிச்சம் விழ வேண்டும், 15 மீட்டர் தள்ளி நின்றாலும் எண் படிக்கிற மாதிரி. விளக்குகளைப் பற்றிய விதி 105 இதைச் சொல்கிறது. விளக்கைப் போட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் கால்களை எட்டி வைத்து இருபது தப்படி எண்ணி நடந்து திரும்பிப் பாருங்கள். என் ஸ்கூட்டர் தோற்றது இங்கேதான். அந்தக் குட்டி பல்பு எப்போது பீஸ் போனதோ, எனக்கே தெரியாது.

படி 7: எச்.எஸ்.ஆர்.பி. அசலா?

இதற்கான உத்தரவு 2001-இலேயே வந்துவிட்டது. நடைமுறைக்கு வர ஏறக்குறைய இருபது வருடம் ஆனது. அசல் பிளேட் 1 மி.மீ. அலுமினியத் தகடு, மூலைகள் வளைந்திருக்கும். இடது மேல் மூலையில் 20 மி.மீ. சதுரத்தில் அசோகச் சக்கர ஹாலோகிராம், அதற்குக் கீழே நீல நிறத்தில் 'இந்த்' என்று ஆங்கில மூன்றெழுத்து. இடது கீழ் மூலையில் லேசரால் பொறித்த ஒரு நீள எண். முன் பிளேட்டுக்கு ஒன்று, பின் பிளேட்டுக்கு வேறொன்று. எழுத்துகள் மேடாக எழும்பியிருக்கும். அவற்றின் மேல் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் கறுப்புப் படலத்தில் 'இந்தியா' என்று ஆங்கிலத்தில் சாய்வாக ஓடுவது தெரியும். ஸ்டிக்கர் கடைப் போலிகள் தோற்பது இந்த இடத்தில்.

பின் பிளேட்டை ஒருமுறை மாட்டினால் கழற்ற முடியாத பூட்டு ஆணியால் இறுக்கியிருப்பார்கள். உடைத்தால்தான் வரும், திரும்ப மாட்ட முடியாது. அதனால் பிளேட் நசுங்கினாலோ பூட்டு உடைந்தாலோ டீலரிடம் போங்கள். திருடு போனால் முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். உங்கள் எண்ணோடு வேறு வண்டி சுற்றினால் அந்த ஒரு காகிதம்தான் உங்கள் பக்கம் பேசும்.

2019 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளுக்கு டெல்லி, கர்நாடகம், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்கள் கெடு வைத்து மாற்றச் சொல்லியிருக்கின்றன. உங்கள் மாநிலத்தின் போக்குவரத்துத் துறைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கார்களில் கண்ணாடிக்கு உள்ளே ஒட்டும் மூன்றாவது ஸ்டிக்கர் பைக்குக்குக் கிடையாது, அதற்கென்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அபராதம்

பிளேட் விதிப்படி இல்லை என்றால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 177-இன் கீழ் முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்தடுத்து 1,500 ரூபாய் வரை. பதிவே செய்யாமல் ஓட்டினால் பிரிவு 192. அது வேறு உலகம், முதல் தடவையே 2,000 முதல் 5,000 ரூபாய் வரை. பிளேட்டை எழுதிக் கொடுத்த கடைக்காரர் இதில் எங்கேயும் வர மாட்டார். வண்டியும் உங்களுடையது, சலானும் உங்களுடையது. அடுத்த முறை ஸ்டிக்கர் கடைக்குப் போகும்போது 30, 35, 40 என்ற மூன்று எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போய் நீட்டுங்கள். "அண்ணே, இந்த சைஸ்லதான் வேணும், டிசைன் எதுவும் வேணாம்" என்றால் அவருக்கும் வேலை மிச்சம்.

அடுத்தவர் சலான் உங்களுக்கு வந்தால்

பணத்தைக் கட்டிவிடாதீர்கள். சலானில் இருக்கும் போட்டோவைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஆர்.சி.யில் வண்டியின் வகை, நிறம், மாடல் எல்லாம் இருக்கும். வண்டியை அதே கோணத்தில், பிளேட் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். மூன்றையும் சேர்த்து இ-சலான் தளத்தின் புகார்ப் பகுதியில் போடுங்கள். நான் போட்டேன். போட்டோவில் இருந்த 3-ஐ வட்டம் போட்டுக் காட்டி, பக்கத்தில் என் பிளேட்டின் 8-ஐ வைத்தேன். அதற்கு முன்னால் நாற்பது ரூபாய் கொடுத்து அந்தக் குட்டி பல்பை மாற்றிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.