பழைய மின்சார எஸ்யூவி: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? நீங்களே அளந்து முடிவெடுக்கும் முறை

மின்சார எஸ்யூவி வாங்கி ஆறேழு வருடம் ஆனதும் மனதுக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பிக்கும். ரேஞ்ச் குறைந்த மாதிரி இருக்கும். வாரண்டி முடியப் போகிறது என்று யாராவது நினைவுபடுத்துவார்கள். பக்கத்தில் வந்து நிற்கிற புது வண்டி பாதி நேரத்தில் சார்ஜ் ஏறிக் கிளம்பிவிடும். இந்த நிலையில் பயந்து விற்றவர்களையும் தெரியும், ஆசைப்பட்டு மாற்றியவர்களையும் தெரியும். இரண்டு பக்கமும் பெரும்பாலும் யாரும் தங்கள் வண்டியை அளந்து பார்க்கவில்லை.

நானும் கிட்டத்தட்ட விற்றுவிட்டேன். முழு சார்ஜில் 400 கிலோமீட்டர் காட்டிய திரை ஏழாவது வருடத்தில் 300 காட்டியது. கால்வாசி பேட்டரி போய்விட்டது என்றே நம்பினேன். அளந்து பார்த்த பிறகுதான் பேட்டரியில் குறைந்தது 14% மட்டுமே என்று தெரிந்தது. அன்று நான் செய்ததை, இதைப் பற்றி ஒன்றுமே தெரியாதவரும் செய்யும்படி வரிசையாக எழுதுகிறேன். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: உங்கள் ஓட்டத்தை எழுதுங்கள்

மூன்று எண்கள் போதும். ஒரு சாதாரண நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள்? நடுவில் சார்ஜ் போட முடியாமல் ஒரே மூச்சில் போய்வர வேண்டிய நீண்ட பயணம் எவ்வளவு தூரம்? வழியில் சார்ஜ் போட்டுத்தான் முடிக்க முடியும் என்கிற நெடும்பயணம் வருடத்துக்கு எத்தனை முறை வருகிறது? நினைவிலிருந்து எழுதாதீர்கள். இரண்டு வாரம் குறித்துவைத்துப் பார்த்தால், நாம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் ஓட்டுகிறோம் என்பது பலருக்கும் தெரியவரும்.

படி 2: பேட்டரியை அளப்பது

இந்த வேலையில் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாமல் செய்யுங்கள்.

முதலில் ஒரு விஷயம். திரையில் தெரியும் ரேஞ்ச், பேட்டரியின் உடல்நிலை அல்ல. கடைசியாக ஓட்டிய சில பயணங்களில் வண்டி எவ்வளவு மின்சாரம் தின்றதோ அதை வைத்துப் போடும் ஊகம் அது. போன வாரம் முழுக்க நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டியிருந்தால் இந்த வாரம் அந்த எண் சுருங்கும். என் வண்டியில் நடந்தது இதுதான். கூடவே டயரில் காற்றும் குறைவாக இருந்தது.

நமக்கு வேண்டியது வேறு எண். புதிதாக இருந்தபோது பேட்டரி எத்தனை யூனிட் பிடித்தது, இப்போது எத்தனை பிடிக்கிறது? இந்த விகிதத்தைத்தான் எஸ்ஓஎச் (State of Health, பேட்டரியின் உடல்நிலை) என்கிறார்கள். ஒரு யூனிட் என்றால் ஒரு கிலோவாட் மணி. வண்டியின் கையேட்டில் பேட்டரி அளவு இரண்டு விதமாக இருக்கலாம்: மொத்த அளவு, பயன்படுத்தக்கூடிய அளவு. இரண்டாவதையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த அளவை வைத்து வகுத்தால் நல்ல பேட்டரியும் நோயாளி மாதிரி தெரியும்.

இப்போது சோதனை. வெயிலோ குளிரோ அதிகம் இல்லாத நாளாகப் பாருங்கள். டயர் காற்றைக் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். வண்டியை 100% வரை சார்ஜ் செய்து, டிரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் ஒரே நாளில், நடுவில் நீண்ட நேரம் நிறுத்திவைக்காமல், 20% அருகே வரும்வரை ஓட்டுங்கள். நிறுத்திவைத்த நேரத்தில் செலவாகும் மின்சாரத்தைப் பல வண்டிகளின் டிரிப் மீட்டர் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால்தான் ஒரே மூச்சில் ஓட்டச் சொல்கிறேன்.

என் தாளில் இருந்த கணக்கு இது. 100 சதவீதத்திலிருந்து 22 வரை, அதாவது 78% செலவு. ஓடிய தூரம் 267 கிலோமீட்டர். டிரிப் மீட்டர் காட்டிய சராசரிச் செலவு 100 கிலோமீட்டருக்கு 16.1 யூனிட். 267-ஐ 0.161-ஆல் பெருக்கினால் 43 யூனிட். 78 சதவீதத்துக்கு 43 என்றால் முழுசுக்கு 43-ஐ 0.78-ஆல் வகுக்க வேண்டும்: 55. புதிதில் 64 யூனிட் இருந்த பேட்டரி. 55-ஐ 64-ஆல் வகுத்தால் 86%.

சார்ஜரின் மீட்டரைப் பார்த்தும் கணக்குப் போடலாமே என்று தோன்றும். அது குழப்பும். ஏசி சார்ஜிங்கில், ஏசியை டிசியாக மாற்றும் கருவியிலும் கேபிளிலும் பத்து சதவீதம் அளவுக்கு மின்சாரம் வெப்பமாகப் போய்விடும். மீட்டரில் ஏறிய யூனிட் எல்லாம் பேட்டரிக்குள் போய்ச் சேர்வதில்லை.

இன்னும் ஒரு வழி உண்டு. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் (மெக்கானிக் கோளாறு பார்க்கக் கருவியைச் செருகும் இடம்) இருக்கும் வண்டியாக இருந்தால், கட்டைவிரல் அளவுள்ள ப்ளூடூத் அடாப்டரை அதில் செருகி, கார் ஸ்கேனர் போன்ற செயலியில் வண்டியே கணித்து வைத்திருக்கும் எஸ்ஓஎச்சைப் பார்க்கலாம். எல்லா வண்டியும் இதைக் காட்டாது. காட்டினாலும் ஓட்டிப் பார்த்த கணக்கோடு ஒப்பிடுங்கள். எனக்கு அந்தத் திரையில் அதிகம் பயன்பட்டது செல் வோல்டேஜ். நூறு செல்களுக்கு மேல் வரிசையாக எண்கள், எல்லாம் 3.78, 3.78, 3.76 என்று ஒட்டி ஒட்டி நின்றன. வண்டி ஓய்வாக நிற்கும்போது மிக உயர்ந்த செல்லுக்கும் மிகத் தாழ்ந்த செல்லுக்கும் வித்தியாசம் 0.02, 0.03 வோல்ட் என்றால் நிம்மதியாக இருக்கலாம். ஒரே ஒரு செல் மட்டும் 0.1 வோல்ட்டுக்கு மேல் பின்தங்கி நின்றால், எஸ்ஓஎச் நன்றாக இருந்தாலும் சர்வீஸ் சென்டருக்குப் போய்விடுங்கள். சங்கிலியில் பலவீனமான கண்ணி அதுதான்.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால் ஒரு எச்சரிக்கை. அதன் வோல்டேஜ் நடுப்பகுதியில் ஏறக்குறைய சமமாகவே இருப்பதால், எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்பதை வண்டியே தவறாகக் கணிக்கும். வாரம் ஒருமுறை 100% வரை ஏற்றச் சொல்வது இதனால்தான். நீண்ட நாளாக அப்படிச் செய்யவில்லை என்றால், இரண்டு மூன்று முறை முழுசாக ஏற்றிவிட்டுப் பிறகு சோதியுங்கள்.

வந்த எண்ணை எப்படிப் படிப்பது? லித்தியம் அயன் பேட்டரி முதல் ஒன்றிரண்டு வருடத்தில் கொஞ்சம் வேகமாகக் குறையும், பிறகு மெதுவாக இறங்கும். முதல் இரண்டு வருடத்தில் 6% போனதைப் பார்த்து, இதே வேகத்தில் எட்டு வருடத்தில் கால்வாசி போய்விடும் என்று கணக்குப் போட வேண்டாம். ஒரு பொது அளவுகோலும் இருக்கிறது. ஐ.நா. அமைப்பின் கீழ் 2022-இல் வந்த உலகத் தொழில்நுட்ப விதி எண் 22, பேட்டரி 5 வருடம் அல்லது 1,00,000 கிலோமீட்டர் வரை 80 சதவீதமும், 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை 70 சதவீதமும் தாங்க வேண்டும் என்று வரையறுக்கிறது. உங்கள் எண் இந்தக் கோட்டுக்கு மேலே எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

படி 3: மோசமான நாளுக்கான கணக்கு

சதவீதத்தைக் கிலோமீட்டராக மாற்றினால்தான் முடிவெடுக்க உதவும். தினசரி 80% வரைதான் சார்ஜ் ஏற்றுகிறோம், 10 சதவீதத்துக்குக் கீழே இறக்க மாட்டோம் என்று வைத்துக்கொண்டால் கையில் இருப்பது 70%. என் 55 யூனிட்டில் அது 38.5. நெடுஞ்சாலை வேகம், எதிர்க்காற்று, மழை, உள்ளே ஹீட்டர் என்று எல்லாம் சேர்ந்த நாளில் என் வண்டி 100 கிலோமீட்டருக்கு 21 யூனிட் தின்னும். 38.5-ஐ 0.21-ஆல் வகுத்தால் 183 கிலோமீட்டர்.

இதைப் படி 1-இல் எழுதிய ஒரே மூச்சுப் பயணத்தோடு ஒப்பிடுங்கள். எனக்கு அது 140 கிலோமீட்டர். மோசமான நாளிலும் மிச்சம் இருந்தது. அந்த இடத்தில் என் பயம் பாதி இறங்கிவிட்டது.

படி 4: வாரண்டி தேதியும் ரீகாலும்

பேட்டரி வாரண்டி பல கம்பெனிகளில் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. எஸ்ஓஎச் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்தோ மாற்றியோ தருவார்கள். 10 வருடம் தருகிறவர்களும் உண்டு. உங்கள் வாரண்டிப் புத்தகத்தில் சரியான வரியைத் தேடிப் படியுங்கள். அந்தத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே பேட்டரிச் சோதனை அறிக்கையை சர்வீஸ் சென்டரில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். கடைசி வாரத்தில் போய் நின்றால், சோதனைக்கு நேரம் கிடைப்பதற்குள் தேதி தாண்டிவிடும்.

சேசிஸ் நம்பரைக் கொடுத்து ரீகால் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹூண்டாய் 2021-இல் உலக அளவில் சுமார் 82,000 மின்வண்டிகளைத் தீ ஆபத்து காரணமாகத் திரும்ப அழைத்து பேட்டரியை மாற்றித் தருவதாக அறிவித்தது. அதில் பெரும்பாலானவை கோனா எலெக்ட்ரிக். அப்படி மாற்றப்பட்ட வண்டியில் உடம்புக்கு ஒரு வயது, பேட்டரிக்கு வேறு வயது. அந்த விவரம் தெரியாமலே குறைந்த விலைக்கு விற்றுவிடாதீர்கள்.

படி 5: பேட்டரி தவிர மற்றவை

ஒரு நாள் காலை சாவியை அழுத்தினேன். கதவுக் கைப்பிடி வெளியே வரவில்லை. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை இழுத்துத் திறந்து உட்கார்ந்தால், திரை கறுப்பு. முந்தின இரவு 70% சார்ஜோடு நிறுத்திய வண்டி. பெரிய பேட்டரிதான் செத்துவிட்டது என்று கை நடுங்கியது. வந்த மெக்கானிக் முன்பக்க மூடியைத் திறந்து, ஓரத்தில் இருந்த சின்ன 12 வோல்ட் பேட்டரியில் மீட்டரை வைத்தார். 9.8. "அண்ணா, பெரிய பேட்டரிக்கு ஒண்ணும் இல்ல. அதை இணைக்கிற ரிலேக்குக் கரண்ட் கொடுக்கிறதே இந்தச் சின்னதுதான். இது போனா எல்லாமே போன மாதிரிதான் தெரியும்" என்றார். அரை மணி நேரத்தில் வண்டி கிளம்பியது. நல்ல நிலையில் அது 12.6 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். மூன்று முதல் ஐந்து வருடத்துக்குள் மாற்றிவிடுவது நல்லது.

அடுத்து சஸ்பென்ஷன். எஸ்யூவியின் எடையோடு பேட்டரியின் எடையும் சேர்வதால் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்களும் அவற்றின் ரப்பர் புஷ்களும் சீக்கிரம் தேயும். மேடு பள்ளத்தில் டொக் டொக் என்று சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். டயரும் அதே காரணத்தால் வேகமாகத் தேயும். புதிதாகப் போடும்போது உருளும் தடை குறைவான வகையாகப் பார்த்து வாங்காவிட்டால் ரேஞ்ச் கண்ணுக்குத் தெரிகிற அளவு விழும். பிரேக் கட்டை அதிகம் தேயாது, ஆனால் வண்டி மோட்டாரை வைத்தே வேகம் குறைப்பதால் டிஸ்க் துருப்பிடிக்கும். பேட்டரி கூலண்ட் மாற்றும் காலம் தாண்டியிருக்கிறதா என்றும் கேளுங்கள். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து அடுத்த மூன்று வருடத்துக்கு ஒரு மதிப்பீடு எழுதி வாங்குங்கள்.

படி 6: பணக் கணக்கு

வாங்கியபோது கொடுத்த விலையை மறந்துவிடுங்கள். அந்தப் பணம் போய்விட்டது. பார்க்க வேண்டியது அடுத்த மூன்று வருடத்தில் கரையப் போகிற பணம்.

உதாரணத்துக்கு, புது வண்டியின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பழைய வண்டி இன்று 30-க்குப் போகும், மூன்று வருடம் கழித்து 18-க்குப் போகும். இழப்பு 12. பழுதுச் செலவு 6. மொத்தம் 18, வருடத்துக்கு 6. புதியது மூன்று வருடத்தில் 60-க்கு இறங்கினால் இழப்பு 40, வருடத்துக்கு 13-க்கும் மேல். கடன் வட்டியும் கூடுதல் இன்சூரன்ஸும் தனி. உங்கள் சொந்த எண்களை இதே இடங்களில் போட்டுப் பாருங்கள். பழையதின் வருடச் செலவு புதியதை நெருங்குகிற வரை, மாற்றுவதற்குப் பணம் ஒரு காரணமே இல்லை. வாரண்டி முடிந்த வண்டியை வைத்துக்கொள்வதானால், மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். வண்டிக்குள் இருக்கும் சார்ஜர், இன்வெர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) போன்றவை போனால் செலவு பெரிதாக வரும்.

எனக்குப் பிடித்த நடுவழி ஒன்றும் இருக்கிறது: இரண்டு மூன்று வருடம் ஓடிய அடுத்த தலைமுறை வண்டி. விலை வேகமாக விழுகிற காலத்தை முதல் உரிமையாளர் தாங்கியிருப்பார், பேட்டரி வாரண்டியோ ஐந்து வருடம் மிச்சமிருக்கும். வாங்கும் முன் படி 2-ஐ அதிலும் செய்யுங்கள்.

படி 7: புதியது உங்களுக்கு என்ன தரும்?

விளம்பரத்தில் உள்ள ரேஞ்சைப் பார்த்து மயங்க வேண்டாம். உண்மையான முன்னேற்றம் சார்ஜ் ஏறும் வேகத்தில்தான். முதல் தலைமுறை கோனா எலெக்ட்ரிக் வேக சார்ஜரில் 80 கிலோவாட்டைக்கூடத் தொடாது. 2021-இல் வந்த 800 வோல்ட் ஹூண்டாய் ஐயோனிக் 5, தகுந்த சார்ஜர் கிடைத்தால் 10-லிருந்து 80 சதவீதத்தை 18 நிமிடத்தில் எட்டும் என்று கம்பெனி சொல்கிறது. ஆனால் எல்லாப் பழைய வண்டியும் மந்தமில்லை. 2018-இல் அறிமுகமான ஆடி இ-டிரான் அப்போதே 150 கிலோவாட் வாங்கியது. வருடத்துக்கு இரண்டே முறை நெடும்பயணம் போகிறவருக்கு இந்த வித்தியாசம் சில மணி நேரம்தான். மாதம் நான்கு முறை போகிறவருக்கு வாழ்க்கையே மாறும்.

வண்டியில் இருப்பது சாடெமோ சாக்கெட் (ஜப்பானில் உருவான வேக சார்ஜ் பிளக் வகை) என்றால் மட்டும் மாற்றுவதைக் கொஞ்சம் அவசரமாக யோசியுங்கள். பல நாடுகளில் புதிய வேக சார்ஜர்கள் அந்தப் பிளக் இல்லாமலே வருகின்றன.

படி 8: முடிவுக்குப் பிறகு

விற்பதென்றால் வாரண்டி முடியும் முன் விற்றுவிடுங்கள். சோதனை அறிக்கையை விளம்பரத்திலேயே சேருங்கள். வாங்குகிறவருக்கு இருக்கிற முதல் பயம் பேட்டரிதான். கொடுக்கும் முன் வண்டியில் பதிந்த முகவரிகள், போன் இணைப்பு, செயலிக் கணக்கு எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். செயலியிலிருந்து வண்டியை நீக்காமல் விட்டால், கைமாறிய பிறகும் அது எங்கே நிற்கிறது என்று உங்கள் போன் காட்டிக்கொண்டிருக்கும்.

வைத்துக்கொள்வதென்றால் படி 2-ஐ ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே சாலையில், அதே டயர் காற்றோடு செய்து, அதே தாளில் அடுத்த வரியாக எழுதுங்கள். என் தாள் டாஷ்போர்டு டிராயரில் இருக்கிறது. 183-க்குப் பக்கத்தில் சிவப்பில் 160 என்று எழுதி வைத்திருக்கிறேன். மோசமான நாளின் கணக்கு அதைத் தொடும்போது மறுபடி படி 6-இலிருந்து ஆரம்பிப்பேன்.