ஆணிச் சட்டத்தில் ஒரு கம்பளிச் சால்வை: பின்னத் தெரியாத தோழிகளுக்கான செய்முறை

ரொறன்ரோவில் குடியிருக்கும் எங்கள் தோழி மார்கழி பிறந்தால் கேட்பது ஒன்றைத்தான்: "கையால செஞ்ச மப்ளர் ஒண்டு அனுப்புங்ககா. கடையில வாங்கினது வேணாம்." கல்லடியில் நானும், காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, மருதமுனை ஆகிய ஊர்களில் ஆளுக்கொருத்தியுமாக நாங்கள் நால்வர் இங்கே இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிறோம், நால்வரில் ஒருவருக்கும் பின்னல் ஊசி பிடிக்கத் தெரியாது. மாரி மழை விடாமல் பெய்யும் இரவில்கூட ஒரு பருத்திப் போர்வைக்கு மேல் தேவைப்படாத இந்தக் கரையோரத்தில், கம்பளி பின்னக் கற்றுத்தர எங்கள் தாய்மாருக்கோ பாட்டிமாருக்கோ ஒரு காரணமும் இருக்கவில்லை. ஆனாலும் அவள் கேட்டது எங்கள் கை பட்ட ஒன்றை என்பதால், கடையில் வாங்கி அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருக்க எங்களால் முடியவில்லை. பின்னல் ஊசியே இல்லாமல், இரண்டு மரச் சட்டங்களும் நாற்பது ஆணிகளும் கொண்டு அந்த மப்ளரை, அதாவது கழுத்துச் சால்வையை, நாங்கள் செய்த முறையை, அதே ஏக்கம் உள்ள பிறருக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில், என்ன செய்யப் போகிறோம் என்பது விளங்க வேண்டும். மருதமுனைக் கைத்தறியில் பாவு நூலுக்கு ஊடாக ஊடை நூல் குறுக்கே ஓடித் துணியாகிறது; பன் புல்லால் இழைத்த பாயும் அப்படித்தான், ஒன்றின் மேலும் கீழுமாக மாறிமாறிப் போகிறது. வாவிக் கரையில் கட்டும் மீன்வலையில் ஒவ்வொரு கண்ணும் ஒரு முடிச்சு. கம்பளிப் பின்னலில் பாவும் இல்லை, முடிச்சும் இல்லை. ஒரே நூல் வளையமாகி, அந்த வளையத்துக்குள்ளால் அடுத்த வளையம் வெளியே வருகிறது. அதனால்தான் பின்னல் துணி இழுபட்டுக் கழுத்துக்கு இதமாக அமைகிறது. வளையங்களுக்கு இடையே அடைபட்டு நிற்கும் காற்றுத்தான் குளிரைத் தடுக்கிறது. வலையில் ஒரு கண் அறுந்தால் பக்கத்துக் கண் அப்படியே நிற்கும். பின்னலில் ஒரு வளையம் நழுவினால் அதற்குக் கீழே உள்ளவை ஏணிப்படிபோல ஒவ்வொன்றாகக் கழன்று போகும். இந்த ஒரு குணத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்வதெல்லாம் இலகுவாக விளங்கும்.

ஊசி செய்யும் வேலை, முடியாத வளையங்களைப் பிடித்து வைத்திருப்பது மட்டுந்தான். அந்த வேலையை ஆணிகளிடம் கொடுத்துவிடலாம். 30 சென்ரிமீற்றர் நீளமும், 2.5 சென்ரிமீற்றர் அகலமும், அதே அளவு கனமும் கொண்ட இரண்டு மரச் சட்டங்களை தச்சு வேலை செய்யும் ஓடாவியாரிடம் கேட்டு வாங்குங்கள்; துண்டு மரமே போதும். முதிரை போன்ற வைரமான மரம் வேண்டாம், ஆணி இறங்காமல் வளைந்துவிடும். ஒவ்வொரு சட்டத்திலும், உட்புற விளிம்பிலிருந்து அரைச் சென்ரிமீற்றர் தள்ளி ஒரு நேர்கோடு போட்டு, அதில் ஒரு சென்ரிமீற்றருக்கு ஒன்றாக 20 புள்ளிகளை வையுங்கள். 4 சென்ரிமீற்றர் நீளமுள்ள, தலையில்லாத ஆணிகளைப் பாதிவரை அடித்து, மற்றப் பாதி வெளியே நிற்க விடுங்கள். தலையுள்ள ஆணி கூடவே கூடாது, ஒவ்வொரு முறையும் நூல் அதில் மாட்டும். அடிப்பதற்கு முன் மெல்லிய துளைக்கருவியால் சிறு துளையிட்டால் மரம் வெடிக்காது. எல்லா ஆணிகளும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று கண்மட்டத்தில் வைத்துப் பார்த்து, நுனிகளை மணற்தாளால் தேய்த்து விரலை ஓட்டிப் பாருங்கள். விரலில் உறைக்கும் நுனி நூலையும் அறுக்கும்.

பிறகு இரு சட்டங்களையும் ஆணி வரிசைகள் எதிரெதிரே வரும்படி வைத்து, இரு முனைகளிலும் ஒரு சென்ரிமீற்றர் கனமான சிறு மரத்துண்டுகளை நடுவில் கொடுத்துத் திருகாணியால் இறுக்குங்கள். நடுவே ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி நீளமாக நிற்கும். சால்வை அந்த இடைவெளிக்குள்ளால்தான் கீழே இறங்கப் போகிறது. வளையங்களைத் தூக்குவதற்கு ஒரு கொளுக்கி, அதாவது நுனி வளைந்த குரோசே ஊசி வேண்டும். கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் சில்லுக் கம்பி ஒன்றின் நுனியை வளைத்து, அரத்தால் மழுக்கிக்கொள்ளலாம். எங்கள் நால்வரில் இருவர் இன்றும் சைக்கிள் கம்பியைத்தான் பாவிக்கிறார்கள், வேலையில் ஒரு குறையும் இல்லை.

நூலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழை அதிகம் நேர்வது இங்கேதான். அக்ரிலிக் நூல் மலிவு, சலவை இயந்திரத்தைத் தாங்கும், பூச்சியும் தின்னாது. முதல் சால்வையை அதில் செய்து பழகுவது புத்தி. பருத்தி நூல் கண்ணுக்கு அழகாக இருந்தாலும் குளிர்நாட்டுக்கு உதவாது. ஈரத்தைக் குடித்துக் கனத்துக் கழுத்தைக் குளிரவைக்கும். செம்மறிக் கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் தொடுவதற்கு நனைந்ததாகத் தெரியாது. பனியில் நடந்து வீடு வருபவருக்கு அது பெரிய ஆறுதல். எங்கள் தோழி ஊருக்கு வந்தபோது, தனக்கான கம்பளி நூலைத் தானே கொண்டுவந்து தந்துவிட்டுப் போனாள். நிறத்தை அவளே தெரிந்ததும், தடிப்பை அவளே தொட்டுப் பார்த்து வாங்கியதும் நல்லதாகப் போயிற்று. வெளிநாட்டில் உள்ள உங்கள் தோழியிடமும் அப்படிக் கேட்கத் தயங்காதீர்கள். கழுத்தின் தோல் மென்மையானது என்பதால், நூலை வாங்கும்போது தாடைக்குக் கீழே சிறிது நேரம் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் கடிக்கும் நூல், சால்வையான பிறகும் கடிக்கும்.

அளவு: 160 சென்ரிமீற்றர் நீளமும் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர் அகலமும் கழுத்தை ஒருமுறை சுற்றி முன்னே தொங்கப் போதும். இந்தச் சட்டத்தில் ஒரு சுற்றுக்கு 1 மீற்றரும் சற்று அதிகமும் நூல் போகும். ஒரு சென்ரிமீற்றர் நீளத்துக்கு இரண்டு சுற்று என்று வைத்தால் 320 சுற்றுகள், ஆக 350 மீற்றர் நூல். நூலுருண்டையின் தாளில் எடையோடு நீளமும் அச்சிட்டிருப்பார்கள். நீளத்தைப் பார்த்து வாங்குங்கள், எடையைப் பார்த்து அல்ல. ஒரு உருண்டை கூடுதலாக எடுங்கள். பாதியில் நூல் முடிந்து வேறு சாயத் தொகுதியில் வாங்கினால், பெயரளவில் ஒரே நிறமாக இருந்தாலும் இணைந்த இடம் பகல் வெளிச்சத்தில் கோடாகத் தெரியும்.

இனிப் பின்னல். சட்டத்தை உங்களுக்குக் குறுக்காக மடியில் வைத்து, தொலைவில் உள்ள வரிசையை மேல்வரிசை என்றும் அருகில் உள்ளதைக் கீழ்வரிசை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நூலின் நுனியில் ஒரு சுருக்கு வளையம் இட்டு மேல்வரிசை முதல் ஆணியில் மாட்டுங்கள். அங்கிருந்து நடுவெளியைக் கடந்து கீழ்வரிசை இரண்டாம் ஆணியின் வெளிப்புறமாகச் சுற்றி, மேல் மூன்றாம் ஆணிக்குப் போய், கீழ் நான்காம் ஆணிக்கு வந்து, இப்படியே சாய்வாக ஒன்றுவிட்டொன்றாகக் கீழ் இருபதாம் ஆணிவரை போங்கள். அங்கிருந்து நேர் எதிரே மேல் இருபதாம் ஆணியைச் சுற்றித் திரும்பி, கீழ் பத்தொன்பது, மேல் பதினெட்டு என்று, போகும்போது விட்ட ஆணிகளையெல்லாம் பிடித்துக்கொண்டே வந்தால் கீழ் முதலாம் ஆணியில் சுற்று முடியும். இப்போது நாற்பது ஆணிகளிலும் தலைக்கொரு நூல் இருக்க வேண்டும். ஒன்றிலாவது இல்லையென்றால் அவிழ்த்து மீண்டும் சுற்றுங்கள், அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

இந்த முதற் சுற்றின் மேல், நடுவெளியின் நீளத்துக்கு வேறு நிற நூலொன்றைக் குறுக்காகக் கிடத்தி, அதன் இரு நுனிகளையும் நடுவெளிக்குள்ளால் கீழே இறக்கித் தளர்வாக முடிச்சிடுங்கள். தொடக்கத்தைக் கீழே இழுத்து வைத்திருப்பது இந்த நூல்தான். பிறகு முதற் சுற்றைப் போலவே இரண்டாம் சுற்றைச் சுற்றி, விரலால் நூலைக் கீழே தட்டிவிட்டு, ஒவ்வொரு ஆணியிலும் அடியில் உள்ள வளையத்தைக் கொளுக்கியால் தூக்கி, மேலே உள்ள நூலைத் தாண்டி, ஆணி நுனிக்கு மேலால் உட்புறம் நடுவெளிக்குள் விழவிடுங்கள். கீழ் வளையம் போய்விடும், மேல் நூல் புதிய வளையமாக நிற்கும். நாற்பதையும் தூக்கி முடித்தால் ஒரு வரி. மீண்டும் சுற்று, மீண்டும் தூக்கு. முதல் ஐந்து வரிகளில் ஒன்றும் உருவாகாததுபோல் தோன்றும். அதன் பிறகு வேறு நிற நூலை மெல்லக் கீழே இழுத்துப் பாருங்கள், சட்டத்துக்கு அடியில் துணி எட்டிப் பார்க்கும். களுவாஞ்சிகுடித் தோழி அதை முதன்முதலில் கண்டபோது தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இப்படி இரு வரிசையில் பின்னுவதன் பயன், துணி இரண்டு அடுக்காக வருவதும், இரு பக்கமும் ஒரே முகமாக இருப்பதும், ஓரம் சுருண்டு கொள்ளாததும் ஆகும். ஊசியில் ஒரு பக்கம் வழவழப்பாக வரும்படி பின்னும் சாதாரண ஒற்றைப் பின்னல் ஓரங்களில் சுருளும். கழுத்துச் சால்வைக்கு அது பெரிய குறை. நூல் முடியும் இடத்தில் புதிய நூலைச் சுற்றின் முனையில் சிறு முடிச்சால் இணைத்து, நுனிகளை இரு அடுக்குக்கும் நடுவே செருகிவிட்டால் வெளியே தெரியவே தெரியாது.

கையின் இறுக்கமே இந்த வேலையின் முழுச் சூட்சுமம். நூலைச் சுற்றும்போது இழுத்துப் பிடித்தால் வளையம் ஆணியைவிட்டு எழாது, கொளுக்கி வழுக்கி விரலைக் கிழிக்கும். ஆணியைத் தொட்டுக்கொண்டு, அழுத்தாமல் நின்றால் போதும். நாங்கள் சால்வையை நாலாகப் பிரித்து ஆளுக்கு 40 சென்ரிமீற்றர் என்று பேசிச் சட்டத்தைக் கைமாற்றினோம். காத்தான்குடியில் செய்த பகுதி இறுகி ஒடுங்கியும், நான் செய்தது தளர்ந்து அகன்றும் வந்தது. விரித்துப் பார்த்தபோது ஒரே துணியாகத் தெரியவில்லை. அவிழ்த்துவிட்டு, நால்வரும் ஒரே வீட்டில் கூடும் நாட்களில் ஆளுக்குப் பத்து வரியாக மாறிமாறிப் பின்னினோம். அப்போது வேறுபாடு மெல்லிய அலைபோல நீளம் முழுக்கப் பரவி, பார்வைக்கு உறுத்தாமல் போயிற்று. கூட்டாகச் செய்ய எண்ணுபவர்கள் தொடக்கத்திலிருந்தே இந்த முறையைக் கைக்கொள்ளுங்கள்.

கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் உள்ளங்கை வியர்த்து நூல் விரலில் ஒட்டும். விடியற்காலையிலோ இரவிலோ செய்யலாம், கையில் சிறிது முகப்பவுடர் பூசிக்கொள்ளலாம். வளையம் ஒன்று நழுவியதைக் கண்டால் மேலும் ஒரு வரிகூடப் போகாமல் நிறுத்துங்கள். கழன்ற இடத்தில் ஏணிப்படிகள்போல் குறுக்கு நூல்கள் தெரியும். அடியில் நிற்கும் வளையத்துக்குள் கொளுக்கியை விட்டு, முதற் படியை அதற்குள்ளால் இழுத்து, பிறகு அடுத்த படியை இழுத்து, இப்படியே ஏறி மேல் ஆணியில் மாட்டிவிட்டால் காயம் ஆறிய மாதிரி மூடிவிடும்.

நீளம் வந்ததும் நூலை அரை மீற்றர் விட்டு வெட்டுங்கள். நூல் நுனி இருக்கும் முனைக்கு எதிர்முனையில் தொடங்கி, மேல் ஆணி வளையத்தைக் கொளுக்கியில் எடுத்து, எதிரே உள்ள கீழ் ஆணி வளையத்தையும் எடுத்து, இரண்டாவதை முதலாவதுக்குள்ளால் இழுங்கள். பிறகு அடுத்த மேல், அடுத்த கீழ் என்று சங்கிலியாக வந்து, கடைசி வளையத்துக்குள்ளால் நூல் நுனியை இழுத்து இறுக்குங்கள். தொடக்க ஓரத்தையும் இவ்வாறே சங்கிலியிட்டு முடித்த பிறகுதான் வேறு நிற நூலை உருவ வேண்டும். முந்தி உருவினால் ஓரம் அவிழும். குஞ்சம் வைப்பது உங்கள் விருப்பம். இரு முனையிலும் குட்டையாக வைத்தால் சங்கிலி ஓரம் மறைந்து அழகாக இருக்கும் என்பது என் எண்ணம்.

அனுப்புமுன் ஒருமுறை அலசுங்கள், ஆனால் இளஞ்சூட்டு நீரில்கூட வேண்டாம், கிணற்று நீரே போதும். கம்பளி இழையின் மேலே நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சூடும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொளுவி இறுகிவிடும், பிறகு எதனாலும் பிரியாது. நான் மாதிரிக்குப் பின்னிய கம்பளித் துண்டொன்றைச் சுடுநீரில் சவர்க்காரம் போட்டுக் கசக்கியதில், உள்ளங்கையளவு துண்டு கனத்த அட்டைபோலச் சுருங்கிப்போயிற்று. முழுச் சால்வையை அப்படிச் செய்யாமல் காப்பாற்றியது அந்தத் துண்டுதான். முறுக்கிப் பிழியாமல் துவாயில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, பன் பாயில் நீள அகலம் சரிபார்த்துக் கிடத்தி நிழலில் உலரவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீரின் பாரத்தில் நீண்டு ஒடுங்கிவிடும். மாரி தொடங்கினால் இங்கே உலர நாட்கள் எடுக்கும். அரைகுறையாக உலர்ந்ததைப் பொதி செய்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகையால் புரட்டாசிக்குள் வேலையை முடித்துவிடப் பாருங்கள், அங்கேயும் குளிருக்கு முன் போய்ச் சேரும்.

தபாற்கந்தோரில் சிறு பொதியாக அனுப்பலாம். அதற்கான உச்ச எடையாகிய 2 கிலோகிராமுக்கு இது கிட்டவும் வராது. சுங்கப் படிவத்தில் பொருளின் பெயரை, கையால் செய்த கம்பளிச் சால்வை, அன்பளிப்பு என்று தெளிவாக எழுதுங்கள். சால்வையை மடிக்காமல் சுருட்டிப் பொலித்தீன் உறையில் இட்டு, மீந்த நூலில் மூன்று மீற்றரையும் ஒரு சிறு அட்டையில் சுற்றி உள்ளே வையுங்கள். என்றாவது ஒரு வளையம் அறுந்தால், அங்கே யாரிடமாவது கொடுத்து அதே நூலால் தைத்துக்கொள்ள அவளுக்கு அது தேவைப்படும்.