போனில் பாடம் சொல்லித்தரப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கைபேசி வழிக் கல்வித் திட்டம் என்றதும் முதலில் எழும் கேள்வி, 'என்ன ஆப் செய்யலாம்?' தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. வீட்டில் இருப்பது எந்த போன், அது யார் கையில், எந்த நேரத்தில் இருக்கும் என்று விசாரிப்பவர்கள் குறைவு.

வளரும் நாடுகளில் எத்தனையோ வீடுகளில் மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே போன்தான். காலையில் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு வீடு திரும்பும்போது சார்ஜ் சிவப்பில் நிற்கும். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் பாடம் என்றால் பெரும்பாலும் தங்கைதான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். மாலை 4 மணிக்கு நேரலை வகுப்பு என்று அட்டவணை போட்டவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. சரி, போன் கைக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஆப்பை இறக்கப் போனால் 'போதிய இடம் இல்லை' என்கிறது திரை. எதை அழிப்பது, தங்கச்சி பாப்பாவின் படங்களையா? பாடம் அங்கேயே முடிந்தது.

கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. பெரு நாட்டு அரசு 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வழங்கியது. 2012இல் வெளியான ஆய்வில், அவற்றைப் பெற்ற பள்ளிகளில் கணக்கு, மொழிப் பாட மதிப்பெண்கள் குறிப்பிடும்படி உயரவில்லை. ஆசிரியர்களைத் தயார்படுத்தாமல், பாடத்தோடு இணைக்காமல் கொடுத்தால் மடிக்கணினிக்கு நடந்ததுதான் போனுக்கும் நடக்கும்.

குறுஞ்செய்தி அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்பதும் ஒரு மயக்கம். 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்தபோது ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் ஒரு சோதனை நடந்தது. சில வீடுகளுக்கு வாரந்தோறும் கணக்குகள் எஸ்எம்எஸ்ஸாக மட்டும் போயின. மற்ற சில வீடுகளுக்கு எஸ்எம்எஸ்ஸோடு பதினைந்து, இருபது நிமிட அழைப்பும் போனது: பெற்றோர் போனை ஸ்பீக்கரில் போட, மறுமுனையில் இருப்பவர் பிள்ளையோடு சேர்ந்து கணக்கைப் போடுவார். அழைப்பு போன பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். வெறும் எஸ்எம்எஸ்ஸால் பெரிய பலன் இல்லை. இத்தனைக்கும் இதற்குப் பட்டன் போனே போதும்! என்னைக் கேட்டால், கையில் இருக்கும் பணத்தில் பாதியை அழைப்பவர்களின் சம்பளத்துக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் ஆப் செய்யுங்கள் என்பேன்.

பட்டன் போன் என்றாலே இளக்காரமாகப் பார்ப்பதையும் விட்டுவிடலாம். மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் 2009இல் தொடங்கிய முதியோர் எழுத்தறிவு வகுப்புகள் சிலவற்றில், சாதாரண போனை இயக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். ஆளுக்கு ஒன்று கூட இல்லை, ஒரு குழுவுக்கு ஒரு போன். போன் இல்லாத வகுப்புகளை விட இவர்கள் எழுத்திலும் கணக்கிலும் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். அப்போது அங்கே பேசுவதை விட எஸ்எம்எஸ் மலிவாக இருந்தது. எழுதத் தெரிந்தால் காசு மிச்சம் என்னும்போது எழுதிப் பழக வேறு தூண்டுதல் எதற்கு?

பிள்ளைகள் ஏற்கெனவே புழங்கும் இடத்தை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு தளம் கட்டி, அங்கே வா என்று கூப்பிடுவதும் வீண். தென்னாப்பிரிக்காவின் 'டாக்டர் மேத்' என்னும் கணக்கு உதவிச் சேவை, 2007இல் அங்கே பதின்வயதினர் அரட்டையடித்துக்கொண்டிருந்த மிக்ஸிட் என்ற போன் அரட்டை ஆப்புக்குள்ளேயே நுழைந்தது. வீட்டுப்பாடச் சந்தேகங்களுக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் பதில் சொன்னார்கள்.

மொழி பற்றி ஒன்றே ஒன்று: பாடத்தைத் தாய்மொழியில் வைத்துவிட்டு, உள்நுழையும் பக்கத்தை ஆங்கிலத்திலேயே விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, இத்தனை ஆயிரம் பேர் ஆப்பைத் தங்கள் போனில் இறக்கிவிட்டார்கள் என்ற கணக்கு. அதில் கற்றல் எங்கே இருக்கிறது? குழுவில் உள்ளவர்களே ஒரு வாரம் மலிவான போன் ஒன்றை எடுத்து, டேட்டாவைக் குறைத்து, வீட்டில் மூன்று பேரோடு பகிர்ந்துகொண்டு தங்கள் பாடத்தைப் படிக்கட்டும். அவர்களில் எத்தனை பேர் மூன்றாவது பாடத்தைத் தாண்டினார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.